இரண்டு பல்லுக்கு நான்கு பயணம்: மறையூரிலிருந்து கஞ்சிக்கோடு வரை

சென்ற ஆண்டு ஜனவரியில் நான் மறையூருக்குச் சென்றது குளிரை அனுபவிப்பதற்காக அன்று. என் அக்கா விசாலத்தைக் கஞ்சிக்கோட்டில் உள்ள ஒரு பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்காகச் சென்றேன். அந்த ஒரு பயணம் அக்டோபருக்குள் நான்கு பயணமாயிற்று. பல் இம்பிளாண்ட் வைத்துக்கொள்ள வெளியூர் போக எண்ணுவோருக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன். இதில் வரும் தொகைகள் நாங்கள் செலுத்தியவை, அல்லது எங்களிடம் எழுத்தில் தரப்பட்டவை. உங்கள் வாய்க்கும் உங்கள் ஊருக்கும் அவை அப்படியே பொருந்தும் என்று நான் உறுதி கூறவில்லை. மருத்துவரின் பெயரை அவரது அனுமதியின்றி எழுதுவது முறையன்று என்பதால் ‘மருத்துவர்’ என்றே குறிப்பிடுகிறேன்.

எங்களைப் பற்றிச் சுருக்கமாக. நான் கல்பாத்தியில் வசிப்பவன். கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை ஒன்றின் சட்டப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அக்காவுக்கு அறுபத்து மூன்று வயது. மறையூர்ப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து, ஓய்வுக்குப் பின்னும் அங்கேயே தங்கிவிட்டாள். அத்திம்பேருக்கு முழங்கால் வலி. மலைப்பாதையில் நெடுநேரம் உட்கார முடியாது. ஆகவே துணைக்குப் போகும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

அக்காவுக்குக் கீழ்த்தாடையில் இடப்பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்களும் வலப்பக்கம் ஒன்றும் இல்லாமல் ஒன்பது ஆண்டுகளாகின்றன. கழற்றி மாட்டும் பல்செட் ஒன்று வைத்திருந்தாள். அது ஈறை அழுத்தும், பேசும்போது நகரும், மென்றால் எழும்பும். அதனால் சாப்பிடும்போது அதைக் கழற்றிவிடுவாள். கழற்றிய வாயோடு பிறர் முன் உட்காரக் கூச்சம். இதை நான் அறிந்தது என் மகன் கல்யாணத்தில்தான். மூன்று நாளும் பரிமாறினாள், உபசரித்தாள். ஒரு பந்தியிலும் உட்காரவில்லை. மூன்றாம் நாள் சாமான் வைக்கும் கலவறைக்குள் நான் எதையோ எடுக்கப் போனபோது, அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி குழையப் பிசைந்த மோருஞ்சாதத்தை அவசரமாக விழுங்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் மறுபடியும் நான்கு பேரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நாங்கள் இந்தப் பயணங்களை மேற்கொண்டது அது ஒன்றுக்காகவே.

முதலில் வேறொரு நகரத்துக் கிளினிக்கில் விசாரித்தோம். ‘ஓர் இம்பிளாண்ட் பதினெட்டாயிரம்’ என்று விளம்பரம் செய்திருந்தார்கள். மூன்று பல்லுக்கு ஐம்பத்து நாலாயிரம் என்று அக்கா உடனே கணக்குப் போட்டுவிட்டாள். எதெல்லாம் அதில் அடங்கும் என்று எழுத்தில் கேட்டேன். பதினெட்டாயிரம் என்பது எலும்புக்குள் இறக்கும் டைட்டானியம் திருகுக்கு மட்டும்; அதன்மேல் வரும் இணைப்புத் துண்டும் பல் வடிவில் மூடும் கேப்பும் சேர்த்துப் பல்லுக்கு எண்ணாயிரம்; எலும்புப் பொடி தேவைப்பட்டால் எண்ணாயிரம்; ஸ்கேன் இரண்டாயிரத்து ஐந்நூறு. கூட்டினால் எண்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு. விளம்பரம் பொய்யன்று என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். பாதியைச் சொல்லி நிறுத்திக்கொண்டது, அவ்வளவே. இந்தச் சமயத்தில்தான் என் பழைய தொழிற்சாலை நண்பர் ஒருவர் கஞ்சிக்கோட்டு மருத்துவரைப் பற்றிச் சொன்னார்.

மறையூரிலிருந்து பாலக்காடு மாவட்டத்துக்கு வருவதென்றால் கேரளத்தை விட்டு வெளியேறித் தமிழ்நாட்டைக் கடந்து மறுபடி கேரளத்துக்குள் நுழைய வேண்டும். மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி, கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை, மேனோன்பாறை, கஞ்சிக்கோடு என்பது நாங்கள் வந்த வழி. வண்டியின் மீட்டர் நூற்றுப் பத்து கிலோமீட்டர் காட்டியது. வாடகை, ஓட்டுநர் படி, தமிழ்நாட்டு பெர்மிட் எல்லாம் உட்பட ஐயாயிரத்து எண்ணூறு ரூபாய். முந்தைய நாளே மறையூர் சென்று தங்கி, காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். கரும்பு வயல்களின் மேல் பனி இறங்கியிருந்தது. மறையூர்ச் சர்க்கரை என்னும் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளிலிருந்து புகை எழுந்து அந்தப் பனியோடு கலந்துகொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கினால் பாகு மணம்.

ஓட்டுநர் செல்வம், அக்காவின் பழைய மாணவர். மறையூரில் பாதிப் பேர் அவளுடைய பழைய மாணவர்கள். மீதிப் பேர் அவர்களின் பிள்ளைகள்.

“டீச்சர், சீட்டைப் பின்னால சாச்சுக்கோங்க. சின்னாறு வரைக்கும் வளைவுதான்.”

“எனக்குத் தெரியாத வளைவாடா? நீ ரோட்டைப் பாரு.”

“எட்டாங் கிளாஸ்ல தப்பா கணக்குப் போட்டா ‘பல்லு முப்பத்திரண்டையும் தட்டிக் கையில குடுத்திருவேன்’னு மெரட்டுவீங்க. இப்பப் பாருங்க, எங்க பல்லெல்லாம் அப்படியே இருக்கு. டீச்சர் பல்லுதான் போயிருச்சு.”

“உன் பல்லும் அப்படியே இருக்கு, உன் கணக்கும் அப்படியேதான் இருக்கு. நேத்து வாடகையைத் தப்பாக் கூட்டினதே, அது யாரு?”

செல்வம் சிரித்ததில் வண்டியே சற்று ஆடியது. அக்காவும் சிரித்தாள், கையால் வாயை மறைத்துக்கொண்டு.

சின்னாறு சோதனைச் சாவடியில் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு அனுப்பினார்கள். அதற்கப்பால் வறண்ட காடு. மழை மறைவுப் பகுதி என்பதை மரங்களே சொல்லும். இலையைவிட முள் அதிகம். வழியில் நிறுத்த அனுமதியில்லை. நிறுத்தாமலேயே மான் கூட்டம் ஒன்றைக் கண்டோம். ஏழே முக்காலுக்கு உடுமலை, எட்டே முக்காலுக்குப் பொள்ளாச்சி. கோபாலபுரம் தாண்டியதும் சாலையின் இருபுறமும் தென்னை, பெயர்ப்பலகைகளில் மலையாளம், கடைவாசலில் கோவைத் தமிழ். பத்து மணிக்குக் கஞ்சிக்கோடு.

தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கிறது அந்தக் கிளினிக். கீழே டயர் கடை. வெளியே லாரிகளின் இரைச்சல். காத்திருப்போரில் தொழிற்சாலைச் சீருடையில் வந்த வடமாநிலத் தொழிலாளர் சிலரும், வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவரும் இருந்தனர். பெரியவர் பெயர் ஆறுச்சாமி. கொழிஞ்சாம்பாறைக்கு அருகே தோப்பு வைத்திருக்கும் விவசாயி. நாங்கள் உட்காருமுன்பே பேச்சைத் தொடங்கினார்.

“ஏனுங்க, பல்லு வெக்க வந்தவுங்களா?”

“ஆமாம். இன்னும் முடிவு செய்யவில்லை.”

“நான் ரெண்டு வெச்சாச்சுங்க. போன வருசம் தோட்டத்துல போரும் ரெண்டு போட்டனுங்க. ஒண்ணு எழுநூறடி போயும் வெறும் பொகைதான். அந்தக் காசுல பாதிகூட ஆகலீங்க இதுக்கு. எங்கூட்டுக்காரி கேக்கறா, ‘பூமியத் தொளைச்சது பத்தாதுன்னு வாயையுமா தொளைக்கறீங்க’ன்னு.”

“வலிக்குமோ?” என்று அக்கா கேட்டாள்.

“மருந்து ஊசி போட்டாச்சுன்னா ஒண்ணுந் தெரியாதுங்க. கேசிங் பைப் எறக்கற மாதிரி, திருகி எறக்கிப் போடுவாங்க. ஆனா ஒண்ணுங்க, போர்க்காரன் பத்து நாளைக்கு ஒருக்கா போன் பண்ணி ‘அட்வான்ஸ் குடுங்க’ம்பான். இந்த டாக்டரம்மா காசு குடுத்தாலும் வாங்க மாட்டீங்கறாங்க.”

அவர் சொன்னது எத்தனை துல்லியம் என்பது உள்ளே போனபின் விளங்கியது. மருத்துவர் நாற்பதை ஒட்டிய வயதுடைய மலையாளப் பெண்மணி. கோயம்புத்தூரில் படித்ததால் தமிழ் தடையின்றி வருகிறது. அவசரத்தில் மலையாளம் கலக்கிறது; ‘போதும்’ என்பது ‘மதி’ ஆகிவிடுகிறது. முதல் பத்து நிமிடம் அவர் வாயையே பார்க்கவில்லை. சர்க்கரை நோய் உண்டா, என்னென்ன மாத்திரை, எந்தப் பக்கம் படுத்து உறங்குகிறாள், சாப்பாடு சைவமா அசைவமா என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசிக் கேள்வி எதற்கென்று எனக்குப் புரியவில்லை. உணவுப் பழக்கத்தைக் குறித்துக்கொள்கிறார் என்று எண்ணினேன்.

ஸ்கேனைத் திரையில் பெரிதாக்கி அக்காவின் பக்கம் திருப்பினார். “டீச்சர், பல்லு போனா அந்த எடத்து எலும்பு சும்மா இருக்காது. வேலை இல்லைன்னு தெரிஞ்சா சுருங்கிப் போகும். இது நரம்பு. இதுக்கு மேல இவ்வளவு எலும்பு இருக்கு. முன்னாடி பல்லுக்குப் போதும். பின்னாடி பல்லுக்கு அகலம் கொறவு. பொடி வெச்சு வளர்க்கணும்.” பிறகு வலப்பக்கத்தைக் காட்டினார். “இங்க திருகு வேண்டாம். ரெண்டு பக்கத்துப் பல்லும் ஏற்கெனவே பெரிசா அடைச்சது. அதுகளுக்கு எப்படியும் கேப் போடணும். ரெண்டையும் பிடிச்சு ஒரு பாலம் கட்டினா மதி.”

மூன்று இம்பிளாண்ட் போட்டுக்கொள்ளத் தயாராக வந்தவர்களிடம் இரண்டு போதும் என்கிறார். வழக்கறிஞராக இருந்தாலும் மருத்துவராக இருந்தாலும், தன்னிடம் வந்தவரைக் குறைந்த செலவுக்குத் திருப்பிவிடும் ஒருவரை நான் மதிக்கிறேன்.

தொகையைப் பிரித்துப் பிரித்து எழுதினார். ஓர் இம்பிளாண்டுக்குத் திருகும் அறுவையும் பதினெட்டாயிரம், இணைப்புத் துண்டு ஐயாயிரம், கேப் எண்ணாயிரம். ஆக முப்பத்தோராயிரம், இரண்டுக்கு அறுபத்திரண்டாயிரம். மூன்று கேப் சேர்ந்த பாலம் பதினெட்டாயிரம். எலும்புப் பொடி ஒன்பதாயிரம், ஸ்கேன் இரண்டாயிரத்து ஐந்நூறு. மொத்தம் தொண்ணூற்றோராயிரத்து ஐந்நூறு. அந்த மற்றக் கிளினிக்கைவிட மூவாயிரம் கூடுதல், அதுவும் ஒரு திருகு குறைவாக. மேலோட்டமாகப் பார்த்தால் இது விலை அதிகம். ஆனால் இங்கே பின்தொடர் பரிசோதனைகளுக்கு ஓராண்டுக்குத் தனிக் கட்டணமில்லை. திருகின் நிறுவனப் பெயரும் தொகுதி எண்ணும் ஒட்டிய அட்டை கையில் தரப்படும். எந்தத் தொகை எந்தக் கட்டத்தில் செலுத்தப்பட வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருந்தது.

நான் என் கேள்விகளைக் கேட்டேன். திருகு எலும்போடு ஒட்டாவிட்டால் என்ன? பத்தாண்டு கழித்து அந்த இணைப்புத் துண்டு கிடைக்குமா? கேப் உடைந்தால் யார் பொறுப்பு? ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார். போதுமான அளவு விசாரித்துவிட்டேன் என்ற நிறைவோடு நான் காகிதத்தை மடித்தபோது அவர் அக்காவிடம் திரும்பினார்.

“டீச்சர், ஒரு காரியம் கூடி சொல்லணும். இந்த எலும்புப் பொடி மாட்டெலும்பில இருந்து எடுக்கறது. சுட்டு, சுத்தம் பண்ணி, தாது மாத்திரம் மிச்சம் வெச்சது. நான் அதிகம் பேருக்கு வெச்சது அதுதான், நல்லா பிடிக்கும். லேபில உண்டாக்கற பொடியும் இருக்கு. விலை ஏறக்குறைய ஒண்ணுதான். ஆனா உங்க எலும்புக்கு அது மெதுவாத்தான் பிடிக்கும். நாலு மாசத்துக்குப் பதிலா ஏழு மாசம் ஆகலாம். பிடிக்காமப் போறதுக்கும் கொஞ்சம் சாத்தியம் கூடுதல்.”

அந்தப் பொடி எதிலிருந்து வருகிறது என்பதை நான் கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவுமில்லை. தலைமுறை தலைமுறையாகச் சைவம் உண்ணும் வீட்டில் பிறந்த இருவர், ‘எலும்பு’ என்ற சொல்லை நான்கு முறை கேட்டும், அது எவருடையது என்று யோசிக்காமல் உட்கார்ந்திருந்தோம். மருந்து என்று எழுதிவிட்டால் எங்கள் வீடுகளில் அப்பால் விசாரிக்கும் வழக்கமில்லை.

“எல்லாரிடமும் இதைச் சொல்வீர்களா?” என்று கேட்டேன்.

“சொல்லுவேன். சிலருக்கு மாடு வேண்டாம், சிலருக்குப் பன்னி வேண்டாம், சிலருக்கு எதானாலும் குழப்பமில்ல. முன்னாடி ஒரு ஆளு, வெச்சு ஆறு மாசம் கழிஞ்சு எங்கயோ படிச்சிட்டு வந்து இந்தக் கசேரல உட்கார்ந்து அழுதார். திரும்ப எடுக்கக்கூடிய சாதனமில்லையே. அன்னைக்குத் தொட்டு, எல்லார்கிட்டயும் கேட்டுட்டுத்தான் வெக்கறேன்.”

மருத்துவர் பார்க்கத் தந்திருந்த மாதிரித் திருகை அக்கா உள்ளங்கையிலிருந்து மேசைமேல் திருப்பி வைத்தாள். நான் முன்பணம் பற்றிப் பேச்செடுத்தேன். “இன்னைக்கு வாங்கறதில்ல. பேப்பரை வீட்டில கொண்டுபோய்ப் படிங்க. ஒரு வாரம் கழிஞ்சு போன் விளிச்சா மதி. இந்த நாற்காலியில உட்கார்ந்து ‘சரி’ன்னு சொல்றவங்க பாதிப் பேர் பயத்தில சொல்றாங்க” என்றார் மருத்துவர். ஒப்புதல் என்பதைப் பற்றிப் பணிக்காலம் முழுவதும் பல பக்கங்கள் வரைந்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் எழுதியதில்லை.

அன்றிரவு அக்கா கல்பாத்தியில் எங்கள் வீட்டில் தங்கினாள். என் மனைவி ஜெயா மருந்துக் கடையில் நெடுங்காலம் பணியாற்றியவள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

“அக்கா, நீங்கோ தெனம் முழுங்கற கேப்ஸ்யூல் உறையை எதுல பண்றான்னாக்கும் நெனச்சேள்? முக்காலும் மாட்டுத் தோலும் எலும்பும்தான்.”

“நெஜமாவா? இத்தனை நாளா ஏண்டி சொல்லலை?”

“சொல்லியிருந்தா முழுங்கியிருப்பேளா?”

“அது உள்ளே போயிட்டு வெளியில போயிடும். இது இங்கேயே குடியிருக்குமே.”

“மருந்துக்குத் தோஷம் கெடையாது, கேட்டேளா.”

“தோஷம்ன்னு நான் சொன்னேனா? நேக்கு மனசு வரலை. அவ்வளவாக்கும்.”

ஜெயா சாதத்தைத் தட்டில் பரிமாறியபடியே, சற்றுக் கடுமையாக, “மனசு வரலைன்னா இனிமேலும் கலவறையிலே நின்னுண்டு மோருஞ்சாதம் பெசஞ்சு முழுங்குங்கோ. நாங்கள்லாம் இங்கே உக்காந்து சாப்பிடறோம்” என்றாள். நான் தலையிட எண்ணினேன். அக்கா கையைக் காட்டித் தடுத்தாள்.

“அதுக்கும் மனசு வரலைடீ” என்றாள்.

மறுநாள் காலை நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா குளித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். “சேகர், அந்த டாக்டரைக் கூப்பிடு. லேப் பொடி போறும். ஏழு மாசம் ஆகட்டும். நாலு பேர் முன்னாடி வாயைத் தொறந்து சிரிக்கணும்ன்னுதானே இதைப் போட்டுக்கறேன். உள்ளுக்குள்ளே ஒண்ணு உறுத்திண்டிருந்தா சிரிக்க முடியுமோ?” என்றாள். நான் காப்பியை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன்.

மருத்துவர் தொலைபேசியில் இரண்டு விஷயங்கள் சொன்னார். ஒரு வாரம் என்றால் ஒரு வாரம்தான், அதற்குமுன் நாள் குறிக்க மாட்டார். அக்காவுக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதால், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு பார்த்து, அது கட்டுக்குள் இருந்தால் மட்டுமே அறுவை. பின்திருகு பிடிக்காமல் போனால் மறுதிருகுக்கும் அறுவைக்கும் கட்டணமில்லை, பொடிக்கும் புதிய ஸ்கேனுக்கும் நாங்கள் தர வேண்டும் என்று நான் முன்மொழிந்தேன். “எழுதிக் கொண்டுவாங்க, ஒப்பு போடறேன்” என்றார். அடுத்த முறை சென்றபோது அவ்வாறே கையெழுத்திட்டும் தந்தார். தொலைபேசியில் பேசிய அன்றே மறையூருக்குப் பேருந்தில் திரும்பினோம். பொள்ளாச்சியிலும் உடுமலையிலும் மாறி, ஒருவருக்கு இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஆனால் உடுமலையில் மூணாறு பேருந்துக்குக் காத்திருந்தது ஒன்றேகால் மணி நேரம். அறுவைக்குப் பின் இவ்வழியில் பேருந்தில் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாம் பயணம் பிப்ரவரி இறுதியில். சர்க்கரை அளவு சற்றுக் கூடுதலாக வந்ததால் ஒரு மாதம் தள்ளிப்போயிற்று; அக்கா தினமும் கரும்புத் தோட்டங்களைச் சுற்றி நடந்து அதைக் குறைத்தாள். கேரளத்தில் நோயாளியுடன் வருபவருக்கு ‘பைஸ்டாண்டர்’ என்று பெயர். அந்தப் பொறுப்பில் வெளியே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவள் பஞ்சைக் கடித்தபடி ஒரு தாளில், ‘பரீட்சை மேற்பார்வை இதைவிடக் கஷ்டம்’ என்று எழுதிக் காட்டினாள். மூன்று நாள் வீக்கம், ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள், எட்டாம் நாள் ஊர் திரும்பினாள். பிறகு காத்திருப்பு. பழைய பல்செட்டைத் திருகு இருந்த இடத்தில் படாதபடி தேய்த்துக் கொடுத்திருந்தார்கள். இருந்தும் சாப்பாடு முன்போலத் தனியாகத்தான்.

செப்டம்பரில் மூன்றாம் பயணம். இம்முறை முடிந்துவிடும் என்று எல்லோரும் நம்பினோம். மருத்துவர் ஒரு சிறு உலோகக் கோலால் முன்திருகைத் தட்டினார், தெளிந்த ஒலி. பின்திருகைத் தட்டினார், எனக்கு இரண்டும் ஒன்றுபோலவே கேட்டன, அவருக்கு அப்படிக் கேட்கவில்லை. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, “பிடிச்சிருக்கு, ஆனா முழுசாப் பிடிக்கல. இன்னும் அஞ்சு வாரம் வேணும். இப்ப கேப் போட்டா என் காசு எனக்குக் கெடைக்கும், உங்க பல்லு உங்களுக்கு நிக்காது” என்றார். அளவுகூட எடுக்கவில்லை. அன்றைய வருகைக்குக் கட்டணமும் வாங்கவில்லை. நூற்றுப் பத்து கிலோமீட்டர் வந்தவர்களிடம் இப்படிச் சொல்வது எளிதன்று என்பதை நான் அறிவேன்.

திரும்பும் வழியில் பொள்ளாச்சி வரை அக்கா மருத்துவர் எழுதித் தந்த பழைய காகிதத்தை விரித்து விரித்து மடித்துக்கொண்டிருந்தாள். லேப் பொடியைத் தேர்ந்தது தவறோ என்று அவள் யோசிப்பது எனக்குத் தெரிந்தது; நானும் அதையே யோசித்தேன். கடைசியில் செல்வம்தான் பேசினார்.

“டீச்சர், எங்கப்பா சர்க்கரை காய்ச்சுறப்ப பதம் வரலைன்னா எறக்கி உருட்டிருவாரா? இன்னும் ரெண்டு கட்டை போட்டு எரிப்பாரு. அம்புட்டுத்தான்.”

“எரிச்சுண்டே இருந்தா கருகிப் போகும்டா.”

“இந்த டாக்டரம்மா கருக விடமாட்டாங்க.”

“பல்லு வந்ததும் மொதல்ல உன்னைத்தாண்டா கடிக்கணும்” என்றாள் அக்கா. அதன்பின் ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அக்டோபர் இறுதியில் நான்காம் பயணம். கோல் தட்டியபோது மருத்துவரின் முகத்திலேயே விடை இருந்தது. அன்றே அளவெடுத்தார். இருபக்கக் கடியையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும் என்பதால் பாலத்தையும் அதுவரை நிறுத்தி வைத்திருந்தார். பத்து நாள் கல்பாத்தியில் தங்கினோம். பொருத்திய அன்று, பல் எங்கே முட்டுகிறது என்று காட்டும் நீலத்தாளைக் கடிக்க வைத்து, தேய்த்து, மறுபடி கடிக்க வைத்து முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். கண்ணாடியை நீட்டினார். அக்கா அதில் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பல்லைப் பல்லோடு மெல்ல அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தினாள். “எவ்வளவு வருஷமாச்சு, ரெண்டு பக்கமும் ஒண்ணா முட்டி” என்றாள். மருத்துவர் அவள் தோளில் கை வைத்தார்.

இப்போது, போக எண்ணுவோருக்குச் சில வார்த்தைகள். சிகிச்சைக்கு எங்களுக்கு ஆனது எழுத்தில் சொன்ன அதே தொண்ணூற்றோராயிரத்து ஐந்நூறு. ஒரு ரூபாயும் கூடவில்லை. வண்டிச் செலவு தனியாக முப்பதாயிரத்தைத் தாண்டியது. வெளியூரில் மலிவு என்று கிளம்புமுன் அதையும் கூட்டிப் பாருங்கள். விளம்பரத் தொகை திருகுக்கு மட்டுமா, கேப் வரையிலா என்று எழுத்தில் கேளுங்கள். உங்களுக்கு இம்பிளாண்ட் தேவையே இல்லாத இடம் எது என்றும் கேளுங்கள். அதற்கு உடனே பதில் சொல்பவரை நம்பலாம் என்பது என் அனுபவம். பொடியோ, மெல்லிய சவ்வோ, எதை வைப்பதானாலும் அது எதிலிருந்து வந்தது என்று விசாரியுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் முதலில் அதைக் கட்டுப்படுத்துங்கள். காப்பீடு கிடைக்கும் என்று எண்ணி இறங்காதீர்கள். எங்கள் பாலிசியில் இது விலக்கப்பட்டிருந்தது, உங்களுடையதைப் படித்துப் பாருங்கள். மாதங்களைக் குறைத்துச் சொல்பவரைவிடக் கூட்டிச் சொல்பவரிடம் போங்கள். மறையூர் சாலையில் காலையில் இறங்குங்கள். இருட்டுமுன் சின்னாற்றைத் தாண்டிவிடுங்கள்.

செலவைப் பற்றி என்னால் எழுத முடிந்தது. கிடைத்த பலன் அந்தச் செலவுக்குத் தகுந்ததா என்பதைச் சிகிச்சை பெற்றவரிடம் கேட்காமல் எழுதுவது சரியாகாது என்பதால், இந்தக் கட்டுரையை முடிக்குமுன் நேற்று நண்பகலில் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தேன். மணி நெடுநேரம் அடித்தது. எடுத்தபோது பின்னால் ஒரே இரைச்சல். மறையூரில் யாரோ பழைய மாணவியின் கல்யாணம்.

“அக்கா, ஒரே ஒரு கேள்வி. இவ்வளவு செலவுக்கும் அலைச்சலுக்கும் அது...”

“அப்பறம் கேளுடா சேகர், இலை போட்டுட்டா. மொதப் பந்தி” என்று சொல்லி, வைத்துவிட்டாள்.